முதல் நாளே விஆர் ஹெட்செட் வாங்கலாமா? 2016-இல் பலர் செய்த தவறுகள்

புதிதாக ஒரு விஆர் ஹெட்செட் (தலையில் மாட்டினால் மெய்நிகர் உலகைக் கண்முன் காட்டும் கருவி) அறிவிக்கப்பட்டால் போதும், நண்பர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இப்பவே புக் பண்ணிடலாமா, கொஞ்ச நாள் பொறுக்கலாமா?" அப்போதெல்லாம் எனக்கு 2016-தான் ஞாபகம் வரும். அந்த ஒரே ஆண்டில் மூன்று பெரிய ஹெட்செட்கள் சந்தைக்கு வந்தன: மார்ச் 28-இல் ஆக்குலஸ் ரிஃப்ட், ஏப்ரல் 5-இல் எச்டிசி வைவ், அக்டோபர் 13-இல் பிளேஸ்டேஷன் விஆர். முண்டியடித்து வாங்கியவர்களுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பது இன்று நமக்குத் தெளிவாகத் தெரியும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று பெட்டிக்குள் இருப்பது உங்களுக்குப் போதும் என்றால் வாங்குங்கள். பின்னால் வரப்போவதை நம்பி இன்றே பணம் கட்ட வேண்டாம்.

விலைச்சீட்டில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்ததுதான் அன்று பலர் செய்த முதல் தவறு. ரிஃப்ட் 350 டாலரை ஒட்டி இருக்கும் என்ற எண்ணத்தை ஆக்குலஸ் நிறுவனர் பாமர் லக்கி முன்பே ஏற்படுத்தியிருந்தார். 2016 ஜனவரியில் முன்பதிவு தொடங்கியபோது விலை 599 டாலர். எழுந்த கோபத்தைப் பார்த்து, விஷயத்தைச் சரியாகச் சொல்லாமல் விட்டதற்கு அவரே மன்னிப்புக் கேட்டார். சரி, 599-ஓடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. ஜிடிஎக்ஸ் 970 அளவுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம், மூன்று யுஎஸ்பி 3.0 போர்ட் எல்லாம் உள்ள கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. அன்றைய லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் அது ஓடவே ஓடாது. கம்ப்யூட்டரும் ஹெட்செட்டும் சேர்ந்த தொகுப்புகளின் விலை 1,499 டாலரில் தொடங்கியது. பிளேஸ்டேஷன் விஆர் 399 டாலர்தான், ஆனால் அது இயங்கக் கட்டாயம் தேவையான கேமரா பெட்டிக்குள் இல்லை. கையில் பிடிக்கும் மூவ் கன்ட்ரோலர்களும் தனி. அவற்றையெல்லாம் சேர்த்துக் கொடுத்த தொகுப்பு 499 டாலர்.

ஹெட்செட்டுக்காகவே கார்டு வாங்கியவர்கள் பாடு இன்னும் மோசம். மார்ச்சில் ஜிடிஎக்ஸ் 970 வாங்கிப் போட்டவர், ஜூன் மாதக் கடைசியிலேயே ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 கார்டு விஆருக்குப் போதுமான சக்தியோடு 199 டாலருக்கு வந்ததைப் பார்க்க வேண்டியிருந்தது. அக்டோபரில் ஆக்குலஸ் தன் மென்பொருளுக்கு ஒரு புதிய உத்தியை அறிவித்தது. கேம் நொடிக்கு 45 படங்களை மட்டுமே தந்தாலும், இடைப்பட்ட படங்களை அதுவே கணித்து நிரப்பிவிடும். அதன் பிறகு சக்தி குறைந்த ஜிடிஎக்ஸ் 960-ஏ போதும் என்று ஆகிவிட்டது.

ஆனால் என் பார்வையில் எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, பாதிப் பொருளை முழுப் பொருள் என்று நினைத்து வாங்கியது. ரிஃப்ட் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இருந்தது. விஆருக்குள் போன எவரும் முதலில் செய்வது என்ன? எதிரே இருக்கும் பொருளைத் தொடக் கையை நீட்டுவார்கள். ரிஃப்ட்டில் அந்தக் கை இல்லை. கைகளைக் காட்டும் டச் கன்ட்ரோலர்கள் டிசம்பர் 6-இல்தான் வந்தன, அதற்கு 199 டாலர் தனி. ஆக, மார்ச்சில் வாங்கியவர் எட்டு மாதத்துக்கு மேல் காத்திருந்து மொத்தம் 798 டாலர் கொடுத்தார். இரண்டும் சேர்ந்த விலை 2017 மார்ச்சில் 598 ஆனது. அந்த அக்டோபரில் நிரந்தரமாக 399 ஆகிவிட்டது. 798-க்குச் சரிபாதி! அதிலும் பாவம், முன்பதிவு செய்த பலருக்கு உதிரிபாகத் தட்டுப்பாட்டால் ஹெட்செட்டே தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

வைவ் இதில் நேர்மையாக இருந்தது என்பேன். விலை 799 டாலர், அதிகம்தான். ஆனால் இரண்டு கைக் கன்ட்ரோலர்களும், அறை மூலைகளில் மாட்டும் இரண்டு பேஸ் ஸ்டேஷன்களும் முதல் நாளே பெட்டிக்குள் இருந்தன. 2017 ஆகஸ்டில் அதுவும் 599-க்கு இறங்கியது. ஆனாலும் அதை வாங்கியவர் முழுமையான ஒன்றை வாங்கினார்.

வைவுக்குப் பணம் இருந்தால் மட்டும் போதாது, இடமும் வேண்டும். எழுந்து நடந்து விளையாடக் குறைந்தது 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் காலி இடம். கேட்கச் சின்னதாகத்தான் தெரியும். டேப் எடுத்து உங்கள் அறையை அளந்து பாருங்கள், கட்டிலும் மேசையும் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும். பேஸ் ஸ்டேஷன்கள் அகச்சிவப்பு லேசரை அறை முழுக்க வீசி இடத்தைக் கணக்கிடுபவை. பீரோவில் ஆளுயரக் கண்ணாடி இருந்தால் ஒளி அதில் பட்டுத் திரும்பிக் கணக்கைக் குழப்பும். ஒரு போர்வையைப் போட்டு மூடினால் சரியாகிவிடும், ஆனால் இதையெல்லாம் வாங்கிய பிறகுதான் பலர் தெரிந்துகொண்டார்கள்.

நான் கம்பி வைத்த ஹெட்செட் ஒன்றை முதலில் போட்டுப் பார்த்தது ஒரு நண்பனின் வீட்டில். தலைக்குப் பின்னாலிருந்து இறங்கும் கேபிள் காலடியில் பாம்பு மாதிரி கிடந்தது. நான் விளையாட, அவன் பின்னாலேயே கேபிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "இந்தப் பக்கம் சுத்து, இந்தப் பக்கம் சுத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தான். பத்தாவது நிமிடம், நின்ற இடத்திலேயே படிக்கட்டு ஏறும் காட்சி. வயிறு புரட்ட ஆரம்பித்து, கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் குமட்டல் பலவீனம் அல்ல. நகர்கிறோம் என்று கண் சொல்கிறது, இல்லை என்று காதின் உட்பகுதி சொல்கிறது, மூளை திணறுகிறது. பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்து விளையாடுவது மிகப்பெரிய தவறு. அப்படிச் செய்தவர்களில் பலருக்கு ஹெட்செட்டைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டும் நிலை வந்தது. தலை லேசாகச் சுற்றத் தொடங்கியதுமே கழற்றிவிட்டு, மறுநாள் ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். நடப்பதற்குப் பதில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சட்டென்று தாவும் கேம்கள் ஆரம்பத்துக்கு நல்லவை. இரண்டு கண்மணிகளுக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணாடி முன் நின்று ஸ்கேலால் அளந்துகொள்வதும் அவசியம். பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் 63 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். லென்ஸ் அந்த இடைவெளிக்குப் பொருந்தவில்லை என்றால் படம் மங்கும், தலையும் வலிக்கும்.

படத்தின் தெளிவைப் பற்றியும் ஏமாற வேண்டாம். ரிஃப்ட், வைவ் இரண்டிலும் ஒரு கண்ணுக்கு 1080க்கு 1200 பிக்சல்தான். திரை கண்ணுக்கு வெகு அருகில் இருப்பதால் கொசுவலைக்குள் உட்கார்ந்து வெளியே பார்ப்பது போல இருக்கும். விண்கலக் காக்பிட்டில் உள்ள சிறிய எழுத்துகளைப் படிக்கத் தலையை முன்னே நீட்ட வேண்டியிருந்தது. விளம்பரப் படத்தில் தெரியும் தெளிவு, லென்ஸ் வழியே தெரியும் தெளிவு அல்ல.

கேம்களும் அப்படித்தான். வெளியீட்டு நாளில் இருந்தவற்றில் பெரும்பகுதி ஒரு மாலையில் முடிந்துவிடும் சிறிய முயற்சிகள். மக்கள் இன்றும் பேசும் பீட் சேபர் 2018-இல் வந்தது, ஹாஃப் லைஃப் அலிக்ஸ் 2020 மார்ச்சில். இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: 2016-இல் வாங்கிய வைவிலேயே அந்த அலிக்ஸை விளையாட முடிந்தது. அன்று வாங்கியது வீணாகிவிடவில்லை, நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வாங்கிவிட்டால் கருவி நம்முடையது என்று நினைப்பதையும் தவறுகளில் சேர்க்கிறேன். 2018 மார்ச் 7 அன்று உலகம் முழுக்க ரிஃப்ட்கள் வேலை செய்யவில்லை. ஆக்குலஸ் மென்பொருளின் ஒரு பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள். கருவியில் ஒரு பழுதும் இல்லை, ஆனாலும் திருத்தம் வரும்வரை போட்டு விளையாட வழியில்லை. கணக்கு, ஸ்டோர், அப்டேட் எல்லாமே நிறுவனத்தின் கையில் இருக்கும் பொருளுக்குப் பணம் தருகிறோம் என்பதை அறிந்தே தர வேண்டும்.

பொறுத்தவர்களுக்குக் கிடைத்தது விலைக் குறைப்பு மட்டுமல்ல. முதல் பிளேஸ்டேஷன் விஆரின் இணைப்புப் பெட்டி வழியாக டிவிக்கு எச்டிஆர் படம் (ஒளியும் நிறமும் கூடுதல் நுணுக்கமாகத் தெரியும் படம்) போகாது, டிவி பார்க்கும்போது கம்பியை மாற்றிச் செருக வேண்டும். அடுத்த ஆண்டு வந்த திருத்திய மாடலில் அது சரியானது. ஆக்குலஸின் குவெஸ்ட் 2 ஹெட்செட் 2020 அக்டோபரில் 299 டாலருக்கு 64 ஜிபியோடு வந்தது. முகத்தில் படும் ஃபோம் சிலருக்குத் தோல் எரிச்சல் தந்ததால் 2021 ஜூலையில் விற்பனையை நிறுத்திவைத்தார்கள். மறுபடி கடைக்கு வந்தபோது அதே விலையில் 128 ஜிபி, கூடவே சிலிக்கோன் உறை.

அப்படியானால் முதல் நாளே யார் வாங்கலாம்? விஆரில் கேம் செய்யக் கற்றுக்கொள்பவர்கள் தயங்கவே வேண்டாம், அவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் மதிப்புள்ளது. ஸ்டீயரிங், பெடல், நல்ல கம்ப்யூட்டர் எல்லாம் ஏற்கெனவே வைத்துக் கார் ரேஸோ விமானமோ ஓட்டுபவர்களும் வாங்கலாம். அவர்கள் உட்கார்ந்தே விளையாடுவதால் இடமும் கேபிளும் பிரச்சினை இல்லை. உங்கள் நாட்டில் அதிகாரப்பூர்வமாக விற்காத ஹெட்செட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர்கள் மட்டும், பழுதானால் திருப்பி அனுப்புவது யார் செலவு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் எங்காவது அரைமணி நேரம் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட டெமோ போதாது. மெனுவில் உள்ள மிகச் சிறிய எழுத்தைப் படியுங்கள், தலையை வேகமாகத் திருப்புங்கள், மூக்குக் கண்ணாடி அணிபவர் என்றால் அதோடேயே போட்டு லென்ஸில் உரசுகிறதா என்று பாருங்கள். கழற்றிய பிறகு பத்து நிமிடம் கழித்து உடம்பு எப்படி இருக்கிறது என்று கவனித்துவிட்டு, அப்புறம் பணத்தை எடுங்கள்.