பச்சை மூடி செய்த வேலை

சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களின் பிளாஸ்மாவில் சைட்டோமெகலோ வைரஸ் அளவு பார்ப்பது என் வேலை. ஒரு நாள் ஆறு சாம்பிளில் வைரஸ் மட்டுமல்ல, இன்டர்னல் கன்ட்ரோலும் எழவில்லை. சாம்பிளிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் முன்பே, சோதனை சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நாமே சேர்க்கும் டி.என்.ஏ. அது; அதுவே வராதபோது 'நெகட்டிவ்' என்று எழுதக் கூடாது.

முதல் சந்தேகம் எத்தனால் மேல். கழுவிய எத்தனால், டி.என்.ஏ. ஒட்டிக்கொள்ளும் சிலிக்கா சவ்வில் மிச்சமிருந்தால், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். படுத்துவிடும். மறுபடி பிரித்தெடுத்து, கழுவிய பின் சேகரிப்புக் குழாயை மாற்றி, மையவிலக்கியில் வெறுமனே 2 நிமிடம் சுற்றவிட்டேன். பலனில்லை. பிரித்தெடுக்கும் கிட்டைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அதன் மேல் தப்பே இல்லை.

பிறகு பழைய வித்தை ஞாபகம் வந்தது. எடுத்த டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீர்த்து ஓட்டினேன். வழக்கமாக சிடி மதிப்பு, அதாவது சிக்னல் தெரியவரும் சுழற்சி எண், 3.3 சுழற்சி பின்னால் போக வேண்டும். இங்கே செத்துக் கிடந்த கன்ட்ரோல் எழுந்து உட்கார்ந்தது! ஆக, டி.என்.ஏ. இருக்கிறது, எதுவோ பி.சி.ஆர். நொதியான பாலிமரேஸைத் தடுக்கிறது; நீர்த்ததும் அதன் பலம் குறைந்துவிட்டது.

எங்களுக்கு வருவது பிரித்த பிளாஸ்மா. ரத்தம் எடுக்கும் குழாயின் மூடியை நான் பார்த்ததே இல்லை. கீழே போய் ரேக்கைப் பார்த்தால், ஊதா மூடிகளுக்கு நடுவே ஆறு பச்சை. பச்சை என்றால் உள்ளே ஹெப்பாரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள். டி.என்.ஏ. மாதிரியே எதிர்மின் சுமை கொண்டது. கூடவே வந்து பாலிமரேஸைக் கெடுக்கும்.

"ஊதா தீர்ந்துபோச்சு சார், ரெண்டும் ரத்தம்தானே?" என்றார் ரத்தம் எடுக்கும் தம்பி.

ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. குழாயில் மறுபடி எடுக்கச் சொன்னோம். ஆறிலும் கன்ட்ரோல் வந்தது. இப்போது பிளாஸ்மாக் குப்பியின் லேபிளில் மூடியின் நிறத்தையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.