மடியில் வைத்துத் தட்டச்சுச் செய்ய: விசைப்பலகை பூட்டிய டப்லட்டுக்கு ஒரு வழிகாட்டி

மடிக்கணினியின் பாரம் விசைப்பலகைக்குக் கீழே இருக்கிறது. விசைப்பலகை பூட்டிய டப்லட்டிலோ மின்கலம் உட்பட எல்லாமே திரைக்குப் பின்னால் அடங்கியிருப்பதால், பாரமும் அங்கேதான் நிற்கிறது. மேசையில் இந்த வேறுபாடு தெரிவதில்லை. திருகோணமலைப் பேருந்து நிலையத்து வாங்கில் அமர்ந்து மடியில் வைத்ததும் திரை முழங்கால் பக்கமாகச் சாய்வது இதனால்தான். ஆகவே, திரைக்கும் அதன் தாங்கிக்கும் கீழே உறுதியான தளம் ஒன்றைக் கொடுப்பதே முதல் வேலை.

இதற்கு நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பது, மாணவர்கள் பரீட்சைக்குக் கொண்டுசெல்லும் கிளிப் பூட்டிய எழுதுபலகையை. A4 தாளைவிடச் சற்று நீளமான பலகையை, கிளிப் முழங்கால் பக்கம் இருக்குமாறு நெடுக்காக மடியில் வையுங்கள். டப்லட்டின் பின்தாங்கியை விரித்து, அதன் கீழ்விளிம்பு கிளிப்பின் அடியில் முட்டி நிற்குமாறு நகர்த்துங்கள். தாங்கி இனி வழுக்கிப் போகாது. அதன் கூரான விளிம்பு சாரத்தின் மேலாகத் தொடையை அழுத்தி வலி ஏற்படுத்துவதும் நின்றுவிடும். விலை கூடிய புதிய விசைப்பலகையைத் தேடுவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பதே நல்லது.

பலகை கையில் இல்லையென்றால் உட்காரும் முறையைத்தான் திருத்த வேண்டும். பாதங்களுக்குக் கீழே பயணப்பையை வைத்து முழங்கால்களைச் சிறிது உயர்த்தினால், தொடை உங்கள் பக்கமாகச் சரிந்து டப்லட்டும் உங்களை நோக்கியே சாயும். தொடை நீளம் குறைந்தவர்கள் தாங்கியை அகல விரிக்காமல் திரையைச் சற்று நிமிர்த்தி வைத்தால் குறைந்த இடமே போதும். மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் டப்லட்டுகளில், 2014இல் வந்த சர்ஃபேஸ் புரோ 3 முதல், விசைப்பலகையின் மேல்விளிம்பை மடித்துத் திரையின் அடிச்சட்டத்தில் காந்தத்தால் ஒட்டவைக்கலாம். மடியில் வைக்கும்போது அதை ஒட்டியே வைத்திருங்கள், இணைப்பின் ஆட்டம் வெகுவாகக் குறையும். ஐபேட்டுக்கு 2020இல் வந்த மேஜிக் விசைப்பலகையில் பின்தாங்கி கிடையாது. அதன் அடிப்பகுதியே பாரமானது என்பதால், மடியில் அது பெரும்பாலும் தானாகவே நிற்கும்.

திரையின் மேற்பகுதியை விரலால் தொட்டால் எந்த டப்லட்டும் பின்னால் சரியப் பார்க்கும். மடியில் இருக்கும்போது தொடுபலகையையே பயன்படுத்துங்கள். தொடத்தான் வேண்டுமென்றால் மற்றக் கையைத் திரைக்குப் பின்னால் கொடுங்கள். கொழும்புக்குப் போகும் புகையிரதத்தில், பயணப்பையை மடியில் வைத்து அதன்மேல் பலகையை வைத்தால் திரை உயர்ந்து கழுத்துக்கும் சுகம் கிடைக்கும். ஆனால் குலுக்கலில் திரை முன்பின் ஆடுவதால், ஒரு கையின் பெருவிரலை அதன் அடிவிளிம்பில் வைத்துக்கொள்வது அவசியம்.

டப்லட்டின் சூடு மடியில் இறங்காமல் திரையின் பின்புறமாக வெளியேறுவது, கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் பெரிய ஆறுதல். அந்தப் பின்புறத்தைத் தலையணையாலோ துணியாலோ மூடிவிடாதீர்கள்.

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் அமர்ந்து எழுதுவோர் மணலில் கவனமாக இருக்க வேண்டும். நம் மாவட்டத்துப் புல்மோட்டைப் பக்கத்தில் இல்மனைற் என்ற கனிமம் கலந்த கருமணல் உண்டு. வலுவான காந்தம் அதை இழுக்கும். இணைப்புக் காந்தத்தில் ஒட்டிய மணலுடன் விசைப்பலகையைப் பூட்டினால், திரையின் விளிம்பு கீறப்படும். உலோக முனைகள் சரியாகத் தொடாமல் விசைகளும் இடையிடையே வேலைசெய்யாமல் போகும். ஊதினால் அந்த மணல் எளிதில் போகாது. ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தை மெதுவாக அழுத்தி எடுத்து, முனைகளை உலர்ந்த மென்துணியால் துடைத்த பின்னரே மீண்டும் பூட்டுங்கள்.