பியூரி போதும் என்று குழந்தை சொல்லும்போது

கரண்டி பக்கத்தில் வந்தாலே தலையைத் திருப்பிக்கொள்ளும். கரண்டியைப் பிடுங்கும். நீங்கள் சாப்பிடும் தட்டையே கண் கொட்டாமல் பார்க்கும். எட்டு, ஒன்பது மாதக் குழந்தை இப்படிச் செய்தால் ‘பசியில்லை போல’ என்று விட்டுவிடுகிறோம். மற்ற நேரத்தில் நன்றாகப் பால் குடித்து, சுறுசுறுப்பாக விளையாடும் குழந்தை என்றால் பெரும்பாலும் பசியின்மை காரணமாக இருக்காது. பியூரி என்னும் வழவழவென்ற கூழ் அதற்கு அலுத்துவிட்டது. கடிக்கவும் மெல்லவும் கையால் எடுத்துத் தின்னவும் அது தயாராகிவிட்டது.

எங்கள் வீட்டில் ஊட்டும் வேலை என்னுடையது. இரண்டு பிள்ளைகளையும் பாட்டில் பியூரியிலிருந்து வீட்டுச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். அதில் எனக்கு உறுதியாகப் பட்டது இதுதான்: இந்தக் கட்டத்தில் என்ன உணவு கொடுக்கிறோம் என்பதைவிட எந்தப் பதத்தில் கொடுக்கிறோம் என்பதே முக்கியம். பதத்தைப் படிப்படியாக மாற்றிக்கொண்டு போனால் வீட்டில் அன்றாடம் சமைப்பதில் பெரும்பகுதி குழந்தைக்கும் ஆகும். தனிச் சமையல் தேவைப்படாது.

பல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

நிறையப் பேர் தள்ளிப்போடுவது பல்லுக்காகத்தான். முன்பற்கள் கடித்துத் துண்டாக்குவதற்கு. அரைக்கும் கடைவாய்ப் பற்கள் பொதுவாக 13 மாதத்துக்கு மேல்தான் முளைக்கத் தொடங்கும். அதுவரை குழந்தை ஈறால்தான் மெல்லப்போகிறது. ஈறின் பலத்தில் சந்தேகம் இருந்தால் கையைக் கழுவிவிட்டு ஒரு விரலைக் குழந்தையின் கடைவாயில் வைத்துப் பாருங்கள், நன்றாகவே தெரியும். குழைய வெந்த உருளைக்கிழங்கை நசுக்க அந்த அழுத்தம் தாராளம்.

தாய்ப்பாலோடு மற்ற உணவுகளை 6 மாதத்தில் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 8 மாத அளவில் பெரும்பாலான குழந்தைகளால் கையில் எடுத்துச் சாப்பிட முடியும். 12 மாதத்தில் வீட்டிலுள்ளவர்கள் சாப்பிடும் வகை உணவுகளையே சாப்பிட முடியும் என்றும் சொல்கிறது. கட்டியுள்ள உணவை 10 மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டால் பின்னால் சாப்பாட்டில் சிக்கல் வரும் வாய்ப்பு கூடலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. அதனால் வழவழப்பான பியூரியிலேயே ஒரு வயது வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். குழந்தை தலை நிமிர்ந்து உட்கார்கிறதா, கிடைத்ததை எடுத்து வாயில் வைக்கிறதா, உணவைக் கண்டதும் வாய் திறக்கிறதா என்று பாருங்கள். இவை இருந்தால் தொடங்கிவிடலாம்.

பதத்தை மாற்றும் விதம்

முதலில் மிக்ஸியை ஓரங்கட்டுங்கள். குழந்தைக்குப் பிடித்த அதே பியூரியை எடுத்து, அதில் முள்கரண்டியால் மசித்த உருளைக்கிழங்கோ வாழைப்பழமோ குழைந்த சோறோ கொஞ்சம் சேர்த்துக் கெட்டியாக்குங்கள். ருசி பழகியது, பதம் மட்டும் புதிது. ஒரே நேரத்தில் இரண்டும் புதிதாக இருந்தால் குழந்தை மிரண்டுவிடும். சில நாட்களில் பியூரியின் பங்கைக் குறைத்து மசியலின் பங்கைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீர்த்த கூழுக்குள் அங்கங்கே கட்டிகள் மிதக்கும் உணவுதான் குழந்தைக்கு மிகவும் கஷ்டமானது. நீர்ப்பகுதியை விழுங்க நாக்கு தயாராகும்போதே கட்டியும் சேர்ந்து பின்னால் போய்விடும், உடனே ஓங்கரிக்கும். கடையில் ‘அடுத்த கட்டம்’ என்று விற்கும் பாட்டில்களில் சில இந்த ரகம்தான். அதைச் சாப்பிட மறுக்கும் குழந்தை, ஒரே சீராகக் கெட்டியாக மசித்ததையும் தனியாகக் கொடுத்த மெத்தென்ற துண்டையும் நிம்மதியாகச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மசியல் பழகும்போதே துண்டுகளையும் தொடங்கிவிடலாம். மெத்தென்று இருக்கிறதா என்பதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். துண்டை நடுவில் வைத்து லேசாக அழுத்தினால் நசுங்கிவிட வேண்டும். வெந்த கேரட், உருளைக்கிழங்கு, பூசணி, பழுத்த வாழைப்பழம், நன்றாகக் கனிந்த பேரிக்காய், முழுவதும் வெந்த முட்டை எல்லாம் இதில் தேறும்.

அளவு, கைப்பிடியைப் பொறுத்தது. ஆறேழு மாதத்தில் குழந்தை உள்ளங்கையால்தான் பொத்திப் பிடிக்கும். அப்போது சின்னத் துண்டு கைக்குள் மறைந்துவிடும், வாய்க்குப் போகாது. பெரியவர் விரல் நீளத்துக்கு வெட்டினால் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதைக் கடிக்கும். ஒன்பது மாத வாக்கில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பொறுக்கப் பழகிவிடும். அப்புறம் பட்டாணி அளவுக்கு வெட்டிக் கொடுங்கள். தட்டில் இரண்டு மூன்று துண்டுக்கு மேல் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள். குவித்து வைத்தால் எல்லாவற்றையும் வாயில் திணித்துக்கொள்ளும்.

மெல்லுவதைக் கற்றுக்கொடுப்பதில் எனக்கு மிகவும் உதவியது துண்டை வாயில் வைக்கும் இடம். நாக்கின் நடுவில் வைத்தால் குழந்தை பழைய பழக்கத்தில் அதைச் சப்பி, அப்படியே பின்னால் தள்ளப் பார்க்கும். அதற்குப் பதிலாக, மெத்தென்ற ஒரு துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு மறுநுனியைக் கடைவாய் ஈறின்மேல் வையுங்கள். தாடை தானாக மேலும் கீழும் அசையத் தொடங்கும். நாக்கு அந்தப் பக்கமாகத் திரும்பித் துண்டைத் தேடும். கன்னம் ஒரு பக்கம் மட்டும் லேசாக உப்பும். பக்கவாட்டில் நாக்கைத் திருப்பும் இந்த வித்தைதான் மெல்லுவதற்கு அடிப்படை. உறிஞ்சும் பையிலிருந்து பியூரியைக் குடிக்கும் குழந்தைக்கு இந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. வலம், இடம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். நீங்களும் எதிரே உட்கார்ந்து ஒரு துண்டை வாயில் போட்டு நன்றாகத் தாடையை அசைத்து மென்று காட்டுங்கள். குழந்தை உங்கள் வாயையே பார்க்கும்.

ஒரே பானையிலிருந்து

கோழி, உருளைக்கிழங்கு, கேரட் சேர்த்து ஒரு குழம்பு வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உப்பும் காரமும் போடுவதற்கு முன் குழந்தையின் பங்கைத் தனியே எடுத்து, நன்றாகக் குழையும் வரை வேகவிடுங்கள். உருளைக்கிழங்கில் பாதியை முள்கரண்டியால் மசித்து, மீதியைத் துண்டாக விடுங்கள். கோழி உள்ளே சிவப்பு தெரியாமல் முழுக்க வெந்திருக்க வேண்டும். அதை எலும்பு இல்லாமல் விரலால் உதிர்த்து, நார்களைக் குறுக்கே பொடியாக நறுக்குங்கள். நீள நாரை ஈறால் அறுக்க முடியாது, வாயிலேயே சக்கையாக உருட்டிவைத்துக்கொள்ளும். அதன்மேல் ஒரு கரண்டி வெந்த நீரை ஊற்றிப் பிசைந்தால் காய்ந்துபோகாமல் இறங்கும். பருப்போ மீனோ சமைத்தாலும் இதே முறைதான். மீனில் முள் இல்லை என்று விரலால் தடவிப் பார்த்தே கொடுங்கள்.

உப்பைப் பற்றிக் கண்டிப்பாக இருங்கள். ஒரு வயதுக்குள் நாளுக்கு 1 கிராமுக்கும் குறைவாகவே உப்பு இருக்கவேண்டும் என்பது பிரிட்டன் பொதுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. பாலிலும் உணவிலும் இயற்கையாக இருப்பதே போதும். குழந்தையின் சிறுநீரகம் இன்னும் முதிரவில்லை. சர்க்கரையும் வேண்டாம். சீரகம், மிளகுத்தூள் போன்றவற்றின் மணம் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. எண்ணெய்க்கோ வெண்ணெய்க்கோ பயப்பட வேண்டாம், சின்ன வயிற்றுக்கு அந்தச் சக்தி தேவை.

இன்னொன்று இரும்புச்சத்து. பிறக்கும்போது உடலில் இருந்த சேமிப்பு ஆறு மாத அளவில் கரைந்துவிடுகிறது. பழ பியூரியால் அதை ஈடுகட்ட முடியாது. இறைச்சி, மீன், முட்டை, பருப்பு, பயறு இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும். கூடவே தக்காளியோ ஆரஞ்சோ கொடுத்தால் அதிலுள்ள வைட்டமின் சி, பருப்பிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள உதவும்.

ஒவ்வாமை

முட்டையையும் வேர்க்கடலையையும் ஒரு வயதுக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று பழைய தலைமுறை டாக்டர்கள் சொன்னதுண்டு. இப்போது நிலைமை மாறிவிட்டது. ஒவ்வாமை அபாயம் அதிகமுள்ள 640 குழந்தைகளை வைத்துப் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. முதல் வயதுக்குள்ளேயே வேர்க்கடலையைத் தொடங்கி, தொடர்ந்து சாப்பிட்ட பிரிவில் கடலை ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் முழுக்கடலையைக் கொடுக்கவே கூடாது. வழவழப்பான கடலை வெண்ணெயைச் சுடுநீரில் கரைத்தோ மசியலில் கலந்தோ கொடுங்கள். புதிய பொருளை ஒன்றொன்றாக, காலை வேளையில், கொஞ்சமாகத் தொடங்கினால் மாலைவரை கவனிக்க முடியும். குழந்தைக்குக் கடுமையான கரப்பான் (எக்சிமா என்னும் தோல் அழற்சி) இருந்தாலோ ஏற்கெனவே ஏதாவது ஒவ்வாமை தெரிந்திருந்தாலோ முதலில் டாக்டரைக் கேளுங்கள். உதடு வீங்குதல், உடம்பெல்லாம் தடிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, மூச்சுத் திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தேன் 12 மாதம் வரை ஒரு சொட்டுகூட வேண்டாம். அதிலிருக்கக்கூடிய நுண்கிருமி வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. பசும்பாலைத் தயிராகவோ சமையலிலோ சேர்க்கலாம், தாய்ப்பாலுக்கோ குழந்தைகளுக்கான பவுடர் பாலுக்கோ மாற்றாக ஒரு வயதுக்குப் பிறகுதான்.

ஓங்கரிப்பும் மூச்சடைப்பும்

எல்லோருக்கும் பயம் இங்கேதான். என் அம்மாவால் பேரன் ஓங்கரிக்கும் சத்தத்தைத் தாங்கவே முடியவில்லை, பியூரிக்கே திரும்பிவிடலாம் என்றார். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டால் கை பதறாது.

குழந்தைக்கு ஓங்கரிப்பைத் தூண்டும் இடம் நாக்கில் பெரியவர்களைவிட முன்னாலேயே இருக்கிறது. அதனால் துண்டு தொண்டையை நெருங்குவதற்கு முன்பே எதுக்களித்து வெளியே தள்ளிவிடும். முகம் சிவக்கும், கண்ணில் நீர் வரும், இருமும், சத்தம் வரும். சத்தம் வந்தால் காற்று போய்வருகிறது என்று அர்த்தம். நீங்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருங்கள். முதுகில் தட்டுவதும் வாய்க்குள் விரலை விடுவதும் துண்டை இன்னும் உள்ளே தள்ளிவிடலாம். மூச்சடைப்பு சத்தமில்லாமல் நடக்கும். அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலமாகும். உடனே குழந்தையைத் தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, தாடையைத் தாங்கிப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வராவிட்டால் மல்லாத்தி மார்பின் நடுவில் 5 அழுத்தம். துண்டு வெளியே வரும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கூட இருப்பவர் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். குழந்தை நினைவிழந்தால் சிபிஆர் (மார்பை அழுத்தி, வாய்வழி மூச்சு கொடுக்கும் முதலுதவி) தொடங்க வேண்டும். திட உணவு தொடங்கும் முன் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் முதலுதவி வகுப்பில் இதைப் பொம்மையில் செய்து பழகிவிடுவது நல்லது.

முழுத் திராட்சை, முழுக் கொட்டைகள், பாப்கார்ன், பச்சைக் கேரட், வேகவைக்காத ஆப்பிள் துண்டு, வட்டமாக வெட்டிய சாசேஜ், மிட்டாய், கரண்டியில் அள்ளிய கடலை வெண்ணெய் எதுவும் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள், ஆப்பிளை வேகவையுங்கள். நேராக உட்காரவைத்து, காலுக்கு அடியில் தாங்கல் கொடுத்து, பக்கத்திலேயே இருங்கள். காரிலும் தவழ்ந்துகொண்டும் படுத்துக்கொண்டும் சாப்பிடுவது வேண்டாம்.

எவ்வளவு, எத்தனை வேளை

9 மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை உணவு, நடுவில் ஒன்றிரண்டு சிறு தீனி. பால் இன்னும் முக்கியமானதுதான், ஆனால் வயிறு நிறையக் குடித்துவிட்டு உட்கார்ந்தால் துண்டுகளோடு விளையாடும், தின்னாது. கொஞ்சம் இடைவெளி விடுங்கள். சிறு திறந்த கோப்பையில் தண்ணீர் வையுங்கள். எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது உங்கள் முடிவு. எவ்வளவு தின்பது குழந்தையின் முடிவு. வாயை இறுக்கிக்கொண்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். புதிய உணவை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து முறைகூட ஆகலாம். துப்பியதைப் பிடிக்கவில்லை என்று கணக்கில் எழுதாமல் இரண்டு நாள் கழித்து மறுபடி வையுங்கள்.

மீதமுள்ள பாட்டில்களை எறிய வேண்டாம். கஞ்சியில் கலக்கலாம், கேரட்டைத் தொட்டுத் தின்னக் கொடுக்கலாம், பயணத்தில் கைகொடுக்கும். தேவையானதைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு ஊட்டுங்கள். பாட்டிலுக்குள்ளேயே எச்சில் கரண்டி போனால் மீதியை வைத்திருக்க முடியாது.

டயப்பரில் கேரட் துண்டு அப்படியே வரும், தக்காளித் தோல் வரும். வாழைப்பழம் தின்ற மறுநாள் கறுப்பு இழைகள் புழுபோல் நெளிந்து கிடக்கும். அது பழத்தின் நடுவிலுள்ள நார், பயப்பட ஒன்றுமில்லை. ரத்தம் தெரிந்தாலோ பேதி நிற்காவிட்டாலோ டாக்டரிடம் போங்கள். பத்து மாதம் தாண்டியும் எந்தக் கட்டியைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தால், ஒவ்வொரு வேளையும் புரையேறினால், எடை ஏறாமல் நின்றால் அப்போதும் காட்டிவிடுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு நான் சொன்ன மாதக் கணக்கு அப்படியே பொருந்தாது. எந்த வயதிலிருந்து தொடங்கலாம் என்பதை அதைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.