டெஸ்க்டாப்பைச் சுத்தம் செய்வதற்கு முன்

சிவகாசியில் அச்சகங்களுக்கும் டிசைன் கடைகளுக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பது என் தொழில். முக்கால்வாசிப் பேர் சிஸ்டத்தை ஆன் செய்தால் வால்பேப்பரில் உள்ள முருகன் முகமே தெரியாது, அவ்வளவு ஐகான்கள். "எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல தள்ளி ஒழுங்குபண்ணிக் குடுங்கண்ணே" என்பார்கள். அப்படிச் செய்தால் மறுநாள் காலையிலேயே போன் வரும், ஃபைலைக் காணோம் என்று.

அதனால் அடுக்குவதற்கு முன், "நேத்துப் பார்த்த ஜாப்பைத் திறங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். மவுஸ் நேராக ஒரு மூலைக்குப் போகிறதா, பெயரைப் படித்துக்கொண்டே வருகிறதா, டவுன்லோட்ஸைத் திறந்து மேலே இருப்பதைக் கிளிக் செய்கிறதா? எப்படித் தேடுகிறாரோ அப்படித்தான் அடுக்கித் தர வேண்டும்.

கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்பவர்கள் பெரும்பாலும் மூலைக்காரர்கள். வலது மேல்பக்கம் இருந்தால் பிளேட்டுக்கு, அதாவது அச்சுத் தகடு போட, போய்விட்டது; இடது கீழே இருந்தால் பார்ட்டி (ஆர்டர் கொடுத்தவர்) புரூஃப் என்ற மாதிரிப் பிரதியைப் பார்த்து இன்னும் பதில் சொல்லவில்லை. ஃபைல் பெயரை அவர் படிப்பதே இல்லை. இவர் சிஸ்டத்தில் ஐகான்களை வரிசைப்படுத்தும் 'சார்ட் பை' பக்கமே போகக் கூடாது. காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, 'வியூ'வில் 'ஆட்டோ அரேஞ்ச் ஐகான்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் எல்லாம் இடது ஓரத்தில் போய் வரிசையாக நின்றுகொள்ளும். வேறு மானிட்டர் மாட்டி ரெசல்யூஷன் மாறினாலும் ஐகான்கள் இடம்பெயரும். எனவே 'புரூஃப் போனது', 'ஓகே ஆனது', 'பிளேட்டுக்குப் போனது' என்று மூன்று ஃபோல்டர் போட்டு, அவர் பழகிய அதே மூலைகளில் வைத்துவிடுங்கள். மூன்று ஐகான் நகர்ந்தால் திருப்பி வைக்க ஒரு நிமிடம். முந்நூறு நகர்ந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

கணக்கு எழுதுபவர்கள் பெயர்க்காரர்கள். அவர்களுக்குத் தேதியை முன்னால் போட்டுப் பெயர் வையுங்கள்: முதலில் வருடம், பிறகு மாதம், அப்புறம் நாள். 2025-04-07 என்பதுபோல. நாள் முதலில் வந்தால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதி பில்லும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். நடுவில் சாய்கோடு போட விண்டோஸ் விடாது, சிறு கோடுதான் போட வேண்டும். தமிழில் பெயர் வைக்கலாம், ஆனால் யூனிகோடில் அடியுங்கள். பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட் பழக்கத்தில் அடித்தால் பெயர் ஏதோ ஆங்கில எழுத்துக் கூட்டமாகத்தான் தெரியும். வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் என்றால் 2024-25 என்று ஏப்ரலில் தொடங்கட்டும், ஆடிட்டருக்கு அதுதான் வசதி.

மூன்றாவது ரகம் முதலாளிகள். எதையும் எங்கும் வைக்க மாட்டார்கள், எல்லாம் டவுன்லோட்ஸில் கிடக்கும். அதில் தப்பில்லை. ஃபோல்டரை 'டீட்டெயில்ஸ்' வியூவில் வைத்து, 'டேட் மாடிஃபைட்' தலைப்பைக் கிளிக் செய்து புதியது மேலே வரும்படி விட்டுவிடுங்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு 2018-இல் மொஹாவி என்ற மேக் ஓஎஸ் பதிப்போடு 'ஸ்டாக்ஸ்' வந்தது. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து அதைப் போட்டால் ஒரே வகை ஃபைல்கள் தாமாக ஒன்றின்மேல் ஒன்று சேர்ந்துகொள்ளும். குவித்து வைப்பவரைச் சோம்பேறி என்றும் நினைத்துவிடாதீர்கள். தாமஸ் மலோன் என்ற ஆய்வாளர் அலுவலக மேசைகளைக் கவனித்து 1983-இலேயே எழுதினார்: கண்முன் காகிதம் கிடப்பது தேடி எடுக்க மட்டுமில்லை, பாக்கி வேலையை நினைவூட்டவும்தான். டெஸ்க்டாப் ஐகானுக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

எந்த ரகமாக இருந்தாலும் 'பைனல்' என்று மட்டும் பெயர் வைக்க விடவே கூடாது. பைனல், பைனல் 2, பைனல் ஓகே, பைனல் ஓகே கரெக்‌ஷன். இதில் எது பிளேட்டுக்குப் போக வேண்டியது? ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகும் ஊர் இது. தினசரிக் காலண்டரில் ராகுகாலம் திருத்தாத ஃபைல் மெஷினுக்குப் போனால் அத்தனை தாளும் கழிவுதான். 01, 02, 03 என்று எண் போடுங்கள். பார்ட்டி ஓகே சொன்னதற்கு மட்டும் பெயரின் முன்னால் 'பிளேட்' என்று சேர்த்து, மற்றவற்றைப் 'பழையது' ஃபோல்டருக்கு அனுப்புங்கள்.

பென் டிரைவில் போடும்போது ஐகானின் மூலையில் குட்டி அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஷார்ட்கட், ஃபைல் வேறெங்கோ இருக்கிறது. பிளேட் போடும் இடத்தில் போய்த் திறந்தால் ஒன்றும் வராது.

சரி, இப்போது முக்கியமான விஷயம். ஐகான் நிறைய இருப்பதால் சிஸ்டம் ஸ்லோ ஆனதாக நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் சி டிரைவ் நிரம்பியிருக்கும். டெஸ்க்டாப்பில் வைப்பதெல்லாம் சி டிரைவில்தான் உட்காருகிறது. ஃபார்மேட் செய்தால் அத்தனையும் போச்சு. டெஸ்க்டாப் ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றிவிடலாம். முதலில் டி டிரைவில் 'டெஸ்க்டாப்' என்று புது ஃபோல்டர் உருவாக்குங்கள். பிறகு சி டிரைவில் 'யூசர்ஸ்', அதில் உங்கள் பெயர், அதற்குள் இருக்கும் டெஸ்க்டாப் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்', 'லொகேஷன்', 'மூவ்' என்று போய்ப் புது ஃபோல்டரைக் காட்டுங்கள். வெறும் டி டிரைவைக் காட்டிவிடாதீர்கள்; டிரைவ் முழுவதும் டெஸ்க்டாப்பாக வந்து உட்கார்ந்துகொள்ளும், பழையபடி மாற்றுவது பெரும்பாடு. அந்த லொகேஷனில் ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் சேமிப்பிடம்) என்று ஏற்கெனவே இருந்தால் அப்படியே விட்டுவிட்டு, இலவச 5 ஜிபி நிரம்பிவிட்டதா என்று மட்டும் பாருங்கள். கோரல் டிரா டிசைன் ஃபைல்களுக்கு அது ரொம்ப நாள் தாங்காது.

சியும் டியும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகளாக இருந்தால், டிஸ்க் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். அதனால் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து, அதிலிருந்து நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்த பிறகே ஃபார்மேட்டுக்குக் கொடுங்கள்.