வண்ணத்துப்பூச்சிச் செடியை விதையிலிருந்து வளர்ப்பது எப்படி?

கிறிஸ்டியா வெஸ்பர்டிலியோனிஸ், தென்கிழக்காசிய வெப்பமண்டலத்தின் அவரைக் குடும்பச் செடி. இலையைப் பார்த்தால் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சிதான். ஆனால் தாவரப் பெயரில் இருப்பது வௌவாலுக்கான லத்தீன் சொல். வளர்ப்பது எளிது. முளைக்க வைப்பதில்தான் பலரும் தோற்கிறார்கள்.

1. உமியைப் பிரியுங்கள். பழுப்பாகக் காகிதம்போல் காய்ந்திருப்பது விதை அல்ல, புல்லிவட்டம், அதாவது பூவின் வெளியுறை. அதற்குள் காய் கணுக்கணுவாக மடிந்திருக்கும். கணுவுக்கு ஒரு விதை. அப்படியே புதைத்தால் பெரும்பாலும் பூஞ்சைதான் வரும்.

2. தோலைக் கீறுங்கள். இந்தப் படியை மட்டும் விடவே கூடாது. விதைத்தோல் நீர் புகாத அளவுக்குக் கெட்டி. 120 எண் உப்புத்தாளில், காம்பு ஒட்டியிருந்த புள்ளிக்கு நேர் எதிர்ப்பக்கத்தை மெல்லத் தேயுங்கள். முளைவேர் அந்தப் புள்ளிக்கு அருகில்தான் இருக்கிறது, அங்கே தேய்த்தால் போயிற்று. உள்ளே வெளிறிய நிறம் ஊசிமுனை அளவு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். கொதிநீர் ஊற்றும் முறை வேண்டாம்; சில விதைகள் வெந்துவிடும், சில அசையாது.

3. வெதுவெதுப்பான நீரில் 12 மணி நேரம் ஊறட்டும். உப்பியவற்றை எடுத்து விதையுங்கள். உப்பாமல் கல்லாகவே கிடப்பதை மறுபடி தேய்த்து ஊறவையுங்கள். 24 மணி நேரத்தைத் தாண்டினால் அழுகும்.

4. தேங்காய்நார்த் தூளும் பெர்லைட்டும் (எரிமலைப் பாறையைப் பொரித்த வெள்ளைத் துகள்) சம அளவு. அரை சென்டிமீட்டர் ஆழம், குழிக்கு ஒரு விதை. 25–30 டிகிரி வெப்பம் இருந்தால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் முளைக்கும். மேல்மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் நாற்றழுகல் வந்து தண்டு அடியில் கறுத்துச் சாயும்.

நான்கு இலை வந்ததும் வேர்க்கட்டி உடையாமல் தொட்டிக்கு மாற்றுங்கள். 15 சென்டிமீட்டர் உயரத்தில் கொழுந்தைக் கிள்ளினால் பக்கக் கிளை விடும். காலை வெயில் நன்றாக வேண்டும். நிழலில் இலையின் கோடுகள் மங்கிவிடும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடாதீர்கள். இலை வெளிறிப் புள்ளி புள்ளியானால் அடிப்பக்கத்தை உருப்பெருக்கியில் பாருங்கள்: செஞ்சிலந்தி, சாறு உறிஞ்சும் நுண்ணுயிர்போல் சிறிய சிலந்திப்பேன். முதலில் நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், மருந்து பிறகு.

பிற்சேர்க்கை: மாலையில் இலைகள் மடிந்து தொங்குவதைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து நீர் ஊற்றுபவர்கள் நிறையப் பேர். அது இச்செடியின் உறக்கம். பொழுது விடிந்தால் விரிந்துவிடும். காலையிலும் தொங்கினால் மட்டும் விரலை இரண்டு சென்டிமீட்டர் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் நீர், ஈரமாக இருந்தால் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம், தொட்டியின் வடிதுளையைச் சோதியுங்கள்.