டிஅண்ட்டி பியாண்டில் முதல் கேரக்டர்: டுவார்ஃப் ஃபைட்டரைக் கணக்குப் பிசகாமல் உருவாக்குவது எப்படி?

ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டிஅண்ட்டி) விளையாட்டுக்கு வரும் புதியவர்கள் முதலில் திணறுவது, அந்தக் கதாபாத்திரத்தின் எண்களையெல்லாம் எழுதிவைக்கும் கேரக்டர் ஷீட்டில்தான். டிஅண்ட்டி பியாண்ட் தளமும் அதன் மொபைல் ஆப்பும் அந்தக் கூட்டல் கழித்தலையெல்லாம் தாமே செய்துவிடும். ஆனால் நீங்கள் கொடுக்கும் தேர்வுகளை வைத்துத்தான் செய்யும். தேர்வு தப்பினால் விடையும் தப்பும், எச்சரிக்கை எதுவும் வராது. அதனால் இந்தப் பதிவில் ஒரே ஒரு கேரக்டரை எடுத்து, ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தபடியே கட்டப் போகிறோம்: 2024 விதிகளின்படி முதல் லெவல் டுவார்ஃப் ஃபைட்டர் (குள்ளர் இனப் போர்வீரர்), சோல்ஜர் (படைவீரர்) பின்னணி. காசு எதுவும் வேண்டாம், இலவசக் கணக்கு போதும். அதில் ஆறு கேரக்டர்கள் வரை வைத்துக்கொள்ளலாம்.

படி 1: அமைப்புகள்

புதிய கேரக்டர் பில்டரைத் திறந்ததும் வரும் முதல் பக்கத்தைப் பலரும் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். பின்னால் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

முதலில், உங்கள் டன்ஜன் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) 2014 விதிகளில் ஆட்டம் நடத்துகிறாரா, 2024 விதிகளிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பதிப்பின் தேர்வுகளில் 'லெகஸி' என்ற அடையாளம் இருக்கும். 2014-இல் எபிலிட்டி ஸ்கோர் (வலிமை, அறிவு போன்ற அடிப்படைத் திறன்களின் எண்) உயர்வு இனத்திலிருந்து வரும். 2024-இல் பின்னணியிலிருந்து வரும். லெகஸி டுவார்ஃபையும் புதிய சோல்ஜரையும் கலந்தால் ஒரே உயர்வு இரண்டு இடத்திலிருந்து வந்து சேர்ந்துவிடக்கூடும். ஒரே பதிப்பில் நில்லுங்கள்.

அடுத்து, ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) வகையை 'ஃபிக்ஸ்ட்' என்று வையுங்கள். 'மேனுவல்' என்றால் ஒவ்வொரு லெவலிலும் பகடை உருட்டி, வந்த எண்ணை நீங்களே பதிய வேண்டும். பதிய மறந்தால் ஹிட் பாயிண்ட் குறைவாகவே நிற்கும்.

படி 2: கிளாஸ், பின்னணி, இனம்

கிளாஸில் (கேரக்டரின் தொழில்வகை) ஃபைட்டர். இன்னும் முடிக்காத தேர்வு இருக்கும் இடங்களில் ஆச்சரியக்குறி தெரியும். அது எல்லா இடத்திலும் மறையும்வரை பில்டரை விட்டு வெளியே வராதீர்கள்.

- ஃபைட்டிங் ஸ்டைல்: டிஃபென்ஸ். கவசம் அணிந்திருக்கும்போது ஆர்மர் கிளாஸில் (எதிரியின் தாக்குதல் எட்ட வேண்டிய எண்) 1 கூடும்.
- வெப்பன் மாஸ்டரி (ஒரு ஆயுதத்தின் தனித்தன்மையைப் பயன்படுத்தும் திறன்): கிரேட்சோர்ட், ஃப்ளெயில், ஜாவலின். பெயர் பிடித்திருக்கிறது என்று வேறு ஆயுதத்தைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. கையில் என்ன ஆயுதம் வரப்போகிறதோ அதற்குத்தான் மாஸ்டரி வேண்டும். இந்த மூன்றும் படி 4-இல் கிடைக்கும்.
- ஸ்கில்: பெர்செப்ஷன், சர்வைவல். அத்லெட்டிக்ஸையும் இண்டிமிடேஷனையும் இங்கே தொடாதீர்கள். சோல்ஜர் பின்னணியே அவை இரண்டையும் தருகிறது. ஒரே ஸ்கில்லை இரண்டு முறை எடுத்தாலும் பலன் ஒருமுறைதான்.

பின்னணியில் சோல்ஜர், இனத்தில் டுவார்ஃப். டுவார்ஃபுக்கு லெவலுக்கு ஒரு ஹிட் பாயிண்ட் கூடுதலாக வரும். கீழே கணக்கில் இது தேவைப்படும்.

படி 3: எபிலிட்டி ஸ்கோர்

மூன்று முறைகள் இருக்கும். பாயிண்ட் பை எடுங்கள். கையில் 27 புள்ளிகள். ஸ்கோர் 8-க்குச் செலவு இல்லை. அதிலிருந்து 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி, 14-க்கு மொத்தம் 7, 15-க்கு மொத்தம் 9. கடைசி இரண்டு படிகள் விலை கூடுதல் என்பதால் எல்லாவற்றையும் உயரத்தில் வைக்க முடியாது.

நம் ஃபைட்டருக்கு: ஸ்ட்ரெங்த் 15, டெக்ஸ்டெரிட்டி 13, கான்ஸ்டிட்யூஷன் 14, இண்டெலிஜென்ஸ் 8, விஸ்டம் 12, கரிஸ்மா 10. செலவு 9+5+7+0+4+2 = 27.

சோல்ஜர் பின்னணி ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிட்யூஷன் மூன்றில் ஒன்றுக்கு 2, இன்னொன்றுக்கு 1 என்றோ, மூன்றுக்கும் ஒவ்வொன்று என்றோ தரும். இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். ஆட்டத்தில் பயன்படுவது, பகடையில் விழுந்த எண்ணோடு சேர்க்கும் மாடிஃபையர்தான்: ஸ்கோரில் 10 கழித்து, பாதியாக்கி, கீழ்ப்பக்கமாக முழு எண்ணாக்க வேண்டும். கான்ஸ்டிட்யூஷன் 14-ஐ 15 ஆக்கினால் மாடிஃபையர் +2-லேயே நிற்கும். டெக்ஸ்டெரிட்டி 13-ஐ 14 ஆக்கினால் +1 என்பது +2 ஆகும். ஆகவே ஸ்ட்ரெங்துக்கு 2, டெக்ஸ்டெரிட்டிக்கு 1 கொடுங்கள். முடிவில் 17, 14, 14. ஸ்ட்ரெங்த் 17-க்கும் 16-க்கும் இப்போது வித்தியாசம் இல்லை; நான்காவது லெவலில் ஒரு புள்ளி சேர்த்தால் 18 ஆகிவிடும், அதற்காகத்தான் 17.

இதையே கூகுள் ஷீட்டில் சொந்தமாகப் போட்டுப் பார்ப்பவர்கள் கவனிக்க: முழு எண்ணாக்க 'இன்ட்' ஃபார்முலாவைப் பயன்படுத்துங்கள். 'ரவுண்ட்டவுன்' போட்டால் ஸ்கோர் 9-க்கு 0 காட்டும். சரியான விடை -1. இரட்டை எண்களில் இந்தப் பிழை தெரியாது என்பதால் பல நாள் கண்ணில் படாமல் இருந்துவிடும்.

படி 4: ஆயுதம், கவசம்

ஃபைட்டரின் முதல் தொகுப்பை எடுங்கள்: செயின் மெயில் (சங்கிலிக் கவசம்), கிரேட்சோர்ட், ஃப்ளெயில், எட்டு ஜாவலின், டன்ஜனியர் பேக், 4 தங்கக் காசு.

இனி ஷீட்டைத் திறந்து இன்வென்டரிக்குப் போய், கவசமும் ஆயுதங்களும் 'எக்விப்' ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள். பையில் இருக்கும் கவசத்தை ஆப் கணக்கில் எடுக்காது. ஆர்மர் கிளாஸ் 12 என்று காட்டினால் (10-உடன் டெக்ஸ்டெரிட்டி 2) உங்கள் ஃபைட்டர் கவசத்தை மாட்டவில்லை என்று அர்த்தம். டிக் செய்ததும் 17 வர வேண்டும்: செயின் மெயிலுக்கு 16, டிஃபென்ஸுக்கு 1. கனமான கவசத்தில் டெக்ஸ்டெரிட்டி சேராது. செயின் மெயில் போட்டவருக்கு ஸ்டெல்த் (ஒளிந்து நகரும்) உருட்டலில் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) உண்டு, அதுவும் நினைவில் இருக்கட்டும்.

படி 5: கையால் சரிபார்த்தல்

முதல் லெவலில் புரொஃபிஷியன்சி போனஸ் (பயிற்சி உள்ள செயல்களில் சேரும் எண்) +2. ஷீட்டில் இவை இருக்க வேண்டும்:

- ஹிட் பாயிண்ட் 13 (ஃபைட்டருக்கு 10, கான்ஸ்டிட்யூஷன் 2, டுவார்ஃபுக்கு 1)
- கிரேட்சோர்ட் தாக்குதல் +5 (ஸ்ட்ரெங்த் 3, புரொஃபிஷியன்சி 2). சேதம் இரண்டு ஆறுமுகப் பகடையுடன் 3
- பாஸிவ் பெர்செப்ஷன் (உருட்டாமலே சுற்றுப்புறத்தைக் கவனிக்கும் அளவு) 13 (10-உடன் விஸ்டம் 1, புரொஃபிஷியன்சி 2)
- இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முதலில் என்பதற்கான உருட்டல்) +2 (டெக்ஸ்டெரிட்டி 2)
- சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்பும் உருட்டல்): ஸ்ட்ரெங்த் +5, கான்ஸ்டிட்யூஷன் +4

ஹிட் பாயிண்ட் 12 என்றால் டுவார்ஃப் தேர்வு பதியவில்லை. தாக்குதல் +4 என்றால் பின்னணி தரும் உயர்வை ஸ்ட்ரெங்துக்குக் கொடுக்கவில்லை. பாஸிவ் பெர்செப்ஷன் 11 என்றால் ஸ்கில் தேர்வு விட்டுப்போயிருக்கிறது. எண் மாறும் விதத்திலேயே பிழையின் இடம் தெரிந்துவிடும்.

ஆட்டத்துக்கு முன்னும் பின்னும்

டன்ஜன் மாஸ்டர் அனுப்பும் கேம்பெயின் (தொடர் ஆட்டம்) இணைப்பின் வழியாகச் சேர்ந்தால் உங்கள் ஷீட்டை அவரும் பார்க்கலாம். ரோல்20 என்ற இணைய ஆட்டத் தளத்தில் ஆடும் குழுக்கள் 'பியாண்ட்20' என்ற பிரௌசர் எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கொண்டால், ஷீட்டில் உருட்டும் பகடை அங்கே போய் விழும். நெட் சரியில்லாத இடத்தில் ஆடுவதாக இருந்தால் பிடிஎஃப் ஆக இறக்கி அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாத்ஃபைண்டர் என்ற இதே வகை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு ஆடுபவர்களுக்கு இந்தத் தளம் உதவாது. அவர்களுக்கு 'பாத்பில்டர் 2இ' என்ற கேரக்டர் பில்டர் இருக்கிறது.

இரண்டாம் லெவலுக்குப் போகும்போது பில்டரின் கிளாஸ் பக்கத்தில் லெவலை மாற்றி, புதிய ஆச்சரியக்குறி ஏதேனும் வந்ததா என்று பார்த்து முடியுங்கள். ஃபிக்ஸ்ட் முறையில் 6+2+1 சேர்ந்து ஹிட் பாயிண்ட் 22 ஆகியிருக்க வேண்டும்.