மாம்பழத்தை அழுகவைக்கும் பூஞ்சையால் கீட்டோனை ஒடுக்குவது

கீட்டோன் என்ற கரிமப் பொருளை ஒடுக்கினால், அதாவது அதில் ஹைட்ரஜன் சேர்த்தால், ஆல்கஹால் கிடைக்கும்; அந்த வேலையைப் பூஞ்சையின் நொதிகளைக் கொண்டு செய்யும் முறை இது. கிருஷ்ணகிரி, குப்பம், சித்தூர் பக்கம் கிளிமூக்கு மாங்காய் வரத்து இருக்கும் மாதங்களில் கொலெட்டோட்ரிக்கம் என்ற அந்தப் பூஞ்சையைத் தேடி அலைய வேண்டியதில்லை. காயில் தங்கியிருந்தாலும் வெளியே தெரியாது. பழுக்கும்போதுதான் கரும்புள்ளியாகக் கிளம்பும். மருந்தோ வெந்நீர்ச் சிகிச்சையோ படாத பழத்தை ஈரத்தாள் விரித்த டப்பாவில் மூன்று நான்கு நாள் மூடி வையுங்கள்.

புள்ளியின் ஓரத்தில் 5 மி.மீ. துண்டு வெட்டி, 1% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் முக்கி, கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை கழுவி, உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் (பூஞ்சை வளர்க்கும் கூழ் ஊடகம்) வையுங்கள். நடுவில் வெட்டினால் அழுகல் பாக்டீரியாதான் வரும். பாக்டீரியாவைத் தடுக்க ஊடகத்தில் லிட்டருக்கு 100 மி.கி. குளோரம்பெனிக்கால் சேர்க்கலாம். 28 டிகிரியில் ஒரு வாரத்தில் சாம்பல் வெள்ளைப் படர்வும் ஆரஞ்சு நிற வித்துத் திரளும் தெரியும்.

ஒரே வளர்ப்பை நம்பாதீர்கள், நான்கைந்து எடுங்கள். ஒடுக்கும் திறன் ஒவ்வொன்றுக்கும் வேறு.

250 மி.லி. குடுவையில் 100 மி.லி. திரவ ஊடகம், அதற்கு மேல் ஊற்றினால் காற்று போதாது. அதில் பூஞ்சையை இட்டு, நிமிடத்துக்கு 150 சுற்றில் நான்கு நாள் குலுக்கி, மைசீலியத்தை (பூஞ்சை இழைத் திரளை) வடித்துக் கழுவுங்கள். ஈர எடையில் 20 கிராமை, pH 7 பாஸ்பேட் பஃபர் 100 மி.லி.யில் 2 கிராம் குளுக்கோஸுடன் போடுங்கள். குளுக்கோஸை விட்டுவிட்டால் வினை பாதியில் நின்றுவிடும்: நொதிக்கு வேண்டிய, ஹைட்ரஜனைத் தரும் என்ஏடிபிஹெச் என்ற துணைப்பொருளைச் செல் அதை எரித்துத்தான் மறுபடி உண்டாக்குகிறது. ஒடுக்க வேண்டிய கீட்டோனான அசிட்டோபீனோன் 50 மி.கி.-ஐ 0.5 மி.லி. எத்தனாலில் கரைத்துச் சேருங்கள். அளவைக் கூட்ட ஆசை வரும். கீட்டோன் மிகுந்தால் பூஞ்சை செத்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்கக் கூடவே மூன்று குடுவைகள்: பூஞ்சை இல்லாதது, கீட்டோன் இல்லாதது, மைசீலியத்தைக் கொதிக்கவைத்துப் போட்டது. இவை இல்லாத முடிவுக்கு மதிப்பில்லை. அசிட்டோபீனோன் ஆவியாகிப் போவதையும் வினை நடந்ததாகவே எண்ணிவிடுவோம்.

24, 48, 72 மணி நேரத்தில் எத்தில் அசிட்டேட்டில் பிரித்தெடுங்கள். நுரைத்துப் பால்போல நின்றால் உப்பைக் கொட்டிச் செலைட்டில் (வடிகட்டப் பயன்படும் தூள்) வடியுங்கள். டிஎல்சியில் (மெல்லேட்டு நிறப்பகுப்பு) ஓட்டும் கரைப்பான் ஹெக்சேன், எத்தில் அசிட்டேட் 8:2; ஆல்கஹால் கீட்டோனுக்குக் கீழே நிற்கும். இந்த ஆல்கஹாலுக்கு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான (ஆர்), (எஸ்) என்ற இரு வடிவங்கள் உண்டு; அவற்றைப் பிரித்துக் காட்டும் கைரல் ஜிசிக்கு (வாயு நிறப்பகுப்பு) ஒப்பீட்டு மாதிரியாக, அசிட்டோபீனோனைச் சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கிய, இரண்டும் சமமாக உள்ள ரேசமிக் கலவையை முதலில் ஓட்டுங்கள். நொதி கீட்டோனின் எந்தப் பக்கத்தில் ஹைட்ரஜனைச் சேர்க்கும் என்று சொல்லும் பிரெலாக் விதிப்படி பெரும்பாலும் (எஸ்) வடிவம் வரும். அந்த வடிவத்தின் தூய்மை குறைந்தால், எதிர்ப்பக்கத்தைத் தேரும் இன்னொரு நொதியும் வேலை செய்கிறது என்று சந்தேகியுங்கள்; கீட்டோன் அளவைக் குறைத்துப் பாருங்கள்.

அகாரிலேயே மாற்றி மாற்றி வளர்த்தால் திறன் மங்கலாம். முதல் வளர்ப்பையே 20% கிளிசராலில் மைனஸ் 80-இல் வைத்துவிடுங்கள். மிச்ச மைசீலியம் 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவுக்குள் போகாமல் வெளியே போகக்கூடாது. வாசலைத் தாண்டினால் மாந்தோப்பு.